மாசிலாமணி வாத்தியாருக்குப் போர்த்தாத கொடி

மாசிலாமணி வாத்தியார் செத்த அன்று நான் ஒரு மஞ்சள் பையோடு போனேன். பைக்குள் கட்சிக் கொடி. பழவேற்காட்டில் தையற்கடை வைத்திருக்கிறேன், பெயர் மக்பூல். இந்தப் பக்கத்துத் தோழர்கள் யார் இறந்தாலும் மேலே போர்த்தும் செங்கொடி என் மிஷினில் தைத்ததுதான். கட்சியின் கிளைச் செயலாளரும் நானேதான்.

வாத்தியார் ஏரிக்கரை மீனவர் வீட்டுப் பிள்ளை. பொன்னேரிக் கல்லூரியில் சரித்திரம் நடத்தினார். இங்கே கோட்டை கட்டி உட்கார்ந்த டச்சுக்காரர்களின் கடிதங்களைப் படிக்க, அகராதியை வைத்துக்கொண்டு நாலு வருஷம் அந்தப் பாஷையோடு மல்லுக்கட்டியவர். பஞ்சத்தில் பிள்ளைகளை விற்றவர்கள் கதையையும் வாங்கிக் கப்பலேற்றியவர்கள் கதையையும் டீக்கடையில் சொல்வார். எங்கள் டீ ஆறிப்போகும். கட்சி இரண்டாக உடைந்த வருஷம் எங்களோடு வந்தார். "ஏழைங்க இந்தப் பக்கந்தான் இருக்காங்க மக்பூல்" என்றார். நானும் நம்பினேன்.

வினை ஒரு கடிதத்தில் வந்தது. ஏரியில் யார் வலை எந்த நாளில் எங்கே இறங்கலாம் என்று மீனவ ஊர்கள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். அதற்குப் பாடு என்று பெயர். ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு அந்தக் குலுக்கலில் பெயரே கிடையாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களின் முன்னோர்களும் அதே இடங்களில் பிடித்ததாக ஒரு டச்சுக் கடிதம் சொல்வதை வாத்தியார் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். அவர்களுக்கும் பாடு வேண்டும் என்று கட்சிப் பெயரிலேயே துண்டறிக்கை போட்டார்.

தேர்தல் நேரம். ஓட்டெல்லாம் பாடு உள்ள ஊர்களில். சொந்த ஊர் அவரைத் தள்ளிவைத்தது. மேலிடத்திலிருந்து வந்த தோழர், அறிக்கையை வாபஸ் வாங்கினால் போதும் என்றார்.

"காயிதத்துல இருக்கிறத இல்லன்னு எப்படி சொல்றது தோழர்?" என்றார் வாத்தியார்.

அவரை நீக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தூக்கினேன். கோழைத்தனம், வேறென்ன.

அதற்கப்புறம் இருபத்தோரு வருஷம். அந்த இறால் பிடிக்கிற பெண்கள் ஒவ்வொருவராகத் தாமே வந்து எங்கள் கட்சியில் சேர்ந்தார்கள். எல்லாம் என் வேலைதான் என்று மாவட்டக் கூட்டத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர் செத்த செய்தி வந்ததும் மாவட்டத்துக்குப் போன் போட்டுக் கொடியைப் பற்றிக் கேட்டேன். "அவர்தான் உறுப்பினர் இல்லையே" என்றார்கள். இருந்தும் பையை எடுத்துக்கொண்டுதான் போனேன். அவருடைய வாடகை வீட்டு வாசலில் அந்தப் பெண்கள்தான் நின்றிருந்தார்கள். அவர்களில் முதலில் கட்சியில் சேர்ந்த காசியம்மாள் பையைக் கண்டுகொண்டாள்.

"இன்னா பாய், கொடிய கைல வச்சிக்கினே நிக்கிற? போத்து."

"அவரு கட்சியில இல்லம்மா. எடுத்துட்டாங்க. ரொம்ப வருஷம் ஆச்சு."

"யாரு சொன்னா? குடிசை குடிசையா வந்து எங்கள கட்சில சேரச் சொன்னதே அவுருதான். போன மாசங்கூட நம்ம கட்சின்னுதான் பேசினாரு."

அப்போதாவது போர்த்தியிருக்கலாம். யார் தடுத்திருப்பார்கள்? மாவட்டத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பை இன்னும் மிஷினுக்கு அடியில் கிடக்கிறது. நான் போனால் அந்தக் கொடியை என்மேல் போர்த்தக் கூடாது என்று மகள் லத்தீபாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.