மூட்டை மேல் இறங்கிய ஜெனரேட்டர்

எங்கள் தெருவில் யாரும் அதைக் கேரவன் என்று சொல்வதில்லை. ‘வூட்டு வண்டி’தான். பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, ஏசி, கக்கூஸ் எல்லாம் உள்ளே வைத்துக் கட்டியது. வெள்ளிமலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். ஓட்டுவது என் வீட்டுக்காரர். மேலே போய் நிறுத்திவிட்டால் கரண்டுக்கு வண்டியின் ஜெனரேட்டர்தான் கதி. அது வண்டியின் அடியில், சேசிஸில் நான்கு போல்ட்டில் தொங்கும். இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம்.

கொஞ்ச நாளாக அது ஆயில் கக்கிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்துப் பிரித்தால்தான் சரிசெய்ய முடியும். ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? அடுத்தவன் கை தன் வண்டியில் பட்டால் இந்த மனிதருக்கு உடம்பெல்லாம் எரியும்.

“நம்ம வூட்டாண்டயே எறக்கிக்கலாம்மே. சோள மூட்ட கீதுல்ல, இன்னா கவல?” என்றார்.

மூட்டை வைத்து இறக்குவது எங்கள் வீட்டில் வழக்கம்தான். தொங்குகிற சாமானுக்குக் கீழே மக்காச்சோள மூட்டைகளை முட்டுக்கொடுத்து அடுக்கிவிட்டு, போல்ட்டைக் கழற்றுவார்கள். கனம் மூட்டை மேல் உட்கார்ந்துவிடும். பிறகு இரண்டு பக்கத்து மூட்டையையும் ஒரே சமயத்தில் குத்தூசியால் குத்தினால் சோளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். மூட்டை அமுங்க அமுங்க, கனமும் அலுங்காமல் இறங்கும். கொட்டிய சோளத்தைக் கூட்டி அள்ளிக்கொள்ள வேண்டியதுதான்.

காலையில் டீ குடித்த கையோடு ஆரம்பித்தோம். சக்கரங்களைக் கட்டை மேல் ஏற்றி, முன்னும் பின்னும் கல் வைத்தாயிற்று. பேட்டரி ஒயரைக் கழற்றி, டீசல் டியூபை அடைத்தார். கொழுந்தன் உள்ளறையிலிருந்து மூட்டைகளைச் சுமந்துவந்து முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டான். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஜெனரேட்டர் மூட்டை மேல் நோகாமல் உட்கார்ந்தது. அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் இவர் வண்டிக்கடியில், பின்பக்க மூட்டைக்கு ஓரமாக மல்லாந்து படுத்து, கையை நீட்டி சைலன்சர் பைப்பைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது பைப் மாட்டிக்கொள்ளுமாம், விலக்கிவிட வேண்டுமாம்.

“ஒரு கோலால தள்ளுங்களேன். கைய எதுக்கு உள்ள வுடறீங்க?” என்றேன்.

“நீ குத்தற வேலைய மட்டும் பாரு.”

முன்பக்கத்து மூட்டையை நான் குத்தினேன், பின்பக்கத்தைக் கொழுந்தன் குத்தினான். என் பக்கம் சோளம் பொலபொலவென்று உதிர்ந்தது. நான்கு விரல் அளவு இறங்கியிருக்கும். கொழுந்தனின் பக்கம் ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். தண்ணீர்ப் பையில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். அவன் காலடியில் மஞ்சளாக ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில், பொடியாக, மணல் போல ஓடிக்கொண்டிருந்தது.

சாமை. போன வாரம் வெள்ளிமலையிலிருந்து வாங்கிவந்த சாமை. எல்லாம் ஒரே வெள்ளை உரச் சாக்கு. எது சோளம், எது சாமை என்று வெளியே என்ன எழுதி ஒட்டியா இருக்கிறது? சோளம் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிதானமாக வரும். சாமைக்கு ஓட்டை கிடைத்தால் போதும், நிற்கவே நிற்காது.

ஜெனரேட்டர் பின்பக்கமாகச் சாய்ந்தது. பலகை வழுக்கியது. சாய்ந்த மூலை அவர் முழங்கையைத் தரையோடு அமுக்கி, மார்புப் பக்கம் நகர ஆரம்பித்தது. வண்டிக்கடியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. கொழுந்தன் குத்தூசியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான்.

எப்படிப் போய் விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. சாமை மூட்டைக்கு முன்னால் குப்புறப் படுத்திருக்கிறேன். கிழிந்த இடத்தைச் சாக்கோடு கொத்தாகப் பிடித்து முறுக்கினேன். விரலிடுக்கில் சாமை ஒழுகியது. என் முகத்துக்கு நேரே அவர் முகம். கண்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வாய் திறந்தபடி இருந்தது. செத்துத் தொலைக்காதே, பாவி மனுஷா என்று மனதுக்குள் திட்டினேன். திட்டாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

“ஸ்டெப்னிய உருட்டினு வா தம்பி. மூலைக்குக் கீழ தள்ளு.”

நான் சொன்னது அவன் காதில் ஏற ஒரு யுகம் ஆனது. பிறகு ஓடினான். ஸ்டெப்னிச் சக்கரத்தைக் கொண்டுவந்து படுக்கப்போட்டு, காலால் உதைத்து உள்ளே தள்ளினான். ஜெனரேட்டர் ரப்பர் மேல் ‘தொம்’மென்று உட்கார்ந்து நின்றது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதும் அவர் கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். அவரது சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன்.

முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். விரல்களை மடக்கச் சொன்னேன், மடக்கினார். எலும்புக்கு ஒன்றுமில்லை.

“தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு அண்ணி” என்றான் கொழுந்தன். நான் முறைத்த முறைப்பில் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டான்.

நாங்கள் இருவரும் கொட்டிக் கிடந்த சாமை மேலேயே உட்கார்ந்திருந்தோம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். இனி அந்தச் சனியனைத் தொட்டால் நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். அவர் சிதறிய சாமையை ஒற்றைக் கையால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே அவர் முழங்கை ரத்தத்தை முந்தானையால் துடைத்தேன்.

அப்போதுதான் சொன்னார்: “அடியில மாட்டிக்கினு உன்னத்தான் கத்திக் கத்திக் கூப்ட்டேன். கேட்டுச்சாமே?”

அவர் முகத்தைப் பார்த்தேன்.

“கேட்டுச்சு” என்றேன். “அதான் ஓடியாந்தேன்.”