ஷா ஆலமுக்கு மாறிய வகுப்பு

நானும் அக்காவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்திவந்தோம். இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான பயிற்சி அது. கிள்ளான், செராஸ் பக்கத்து மலிவு வீடுகளில் பந்து விளையாட்டோ டியூஷனோ நடத்துகிறவர்கள் வருவார்கள். இனம், வறுமை, பெண்ணாயிருப்பது, உடற்குறை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒருவரை எப்படி வெளியே நிறுத்துகின்றன என்பதுதான் பாடம். ஆங்கிலத்தில் அதை இன்டர்செக்‌ஷனாலிட்டி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே வந்தவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அதனால் அதைக் கடைசியில்தான் சொல்வோம்.

அக்கா எனக்கு உறவில்லை. வயதில் மூத்தவர், அதனால் அக்கா. பிறவியிலேயே பார்வை கிடையாது. சமூகப் பணியில் பட்டம் வாங்கி, எனக்கு முன்பே இந்த வேலையில் இருந்தவர். வீடு அடுத்த தெருவில். நடைபாதையில் வழிகாட்டப் பதித்த மஞ்சள் கற்களைக் கோலால் தட்டிக்கொண்டு வந்து, கிள்ளானிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் விசிறியைப் போட்டு, தேநீருக்குத் தண்ணீரும் வைத்திருப்பார்.

"என்ன, இன்னிக்கும் ரயில விட்டுட்டியா?"

"ஆமாக்கா."

"உக்காரு. டீ ஊத்துறேன்."

ஒருநாள், கிள்ளானில் பையன்களுக்குப் புட்சால் என்கிற சிறு மைதானக் கால்பந்து நடத்தும் இளைஞர் ஒருவர் கையைத் தூக்கினார். "எங்க பிளாட்ல எல்லாருமே கஷ்டப்படுறவங்கதான்க்கா. அதுக்குள்ள எதுக்கு இன்னும் பிரிச்சுப் பாக்கணும்?"

"பொம்பளப் புள்ளைங்க விளையாட வராங்களா?" என்று அக்கா கேட்டார்.

"வரதில்ல. ஆனா நாங்க யாரையும் தடுக்கல."

"என்னையும் யாரும் தடுக்கல தம்பி. படிப்பு முடிச்சதும் நம்மாளுங்க சங்கம் ஒண்ணுல வேலை கத்துக்கலாம்னு போனேன். பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனி இடம் இருக்கும்மா, அங்க போன்னாங்க. அங்க போனா, பொம்பளைங்களுக்குத் தங்க வசதியில்ல, பெண்கள் அமைப்புல கேளுன்னாங்க. அங்க போனா, உங்க சமூகத்துக்கே சங்கம் இருக்கேன்னாங்க. ஒருத்தரும் முடியாதுன்னு சொல்லல. எல்லாரும் நல்லாத்தான் பேசுனாங்க. நான்தான் சுத்திச் சுத்தி வந்தேன்."

தேநீர் நேரத்தில் அந்த இளைஞர் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சில வாரங்கள் கழித்து, விளையாட்டை வெளிச்சம் இருக்கும் நேரத்துக்கு மாற்றியிருப்பதாகவும், அம்மாக்கள் கோர்ட் ஓரமாக உட்கார்ந்துகொள்வதாகவும், பெண் பிள்ளைகள் வரத் தொடங்கியிருப்பதாகவும் சொன்னார். அக்கா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பை நடத்தும் எங்கள் தொண்டு அமைப்புக்குப் பெரிய நிதி கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெகுதூரத்தில், ஷா ஆலமில் குளிர்சாதன மண்டபம், தாராளமான பார்க்கிங். இனி வகுப்பெல்லாம் அங்கேதான் என்று கூட்டத்தில் அறிவித்தார்கள்.

"அக்கா எப்படி வருவாங்க?" என்று கேட்டேன்.

"வாடகைக் காடி புக் பண்ணிக் குடுத்துரலாம் லா. அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல," என்றார் மேலாளர்.

மாதம் ஒரு வகுப்பாவது இங்கேயே இருக்கட்டும் என்றேன். இரண்டு இடத்தில் நடத்த ஆளில்லை என்றார். பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

மண்டபம் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்தது. நடைபாதையே கிடையாது. முதல் நாள் அக்காவை ஏற்றி வந்தவர் பின்பக்க வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் தேடிக் கண்டுபிடித்தபோது சாலையோரப் புல்லில் நின்றுகொண்டிருந்தார். லோரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனேன். ஆனாலும் அன்றைய வகுப்பை ஒரு குறையுமில்லாமல் நடத்தினார்.

அடுத்த வாரத்திலிருந்து நானே காரில் போய் அழைத்துவந்தேன். ஆனால் அந்த மண்டபத்தில் அக்கா வேறு ஆளாகிவிட்டார். நான் உட்காரவைத்த நாற்காலியிலேயே இருப்பார். கழிவறைக்கும் என் கை வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்பார்கள்: "அக்காவுக்கு டீ வேணுமா?"

ஒரு சனிக்கிழமை திரும்பும் வழியில், நெரிசலில் கார் நின்றபோது சொன்னார். "அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரலம்மா."

"ஏங்க்கா? எனக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்ல."

"உனக்குக் கஷ்டம்னு நான் சொல்லலயே. அங்க நான் பாடம் நடத்துறவளா இல்ல. நீ கூட்டிட்டு வர்ற ஆளா இருக்கேன்."

மறுபடி மேலாளரிடம் போனேன். அவருக்கும் வருத்தம்தான். "அவங்களா எடுத்த முடிவு. நாம என்ன பண்றது?" என்றார்.

இப்போது நான் மட்டும் நடத்துகிறேன். மண்டபம் நிறைய ஆட்கள் வருகிறார்கள், கவனமாகக் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் அக்கா கேட்ட மாதிரி, ஒருவரைச் சங்கடப்படுத்தும் கேள்வியை நான் கேட்பதில்லை. அதற்கான துணிவு எனக்கில்லை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் அவரைப் பார்த்தேன். வீட்டிலிருந்தே தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசினோம். கடைசியில் மெல்ல, "திரும்ப வரீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இங்க நடத்துறப்ப சொல்லு," என்றார். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "நம்ம பழைய இடத்த டியூஷன் சென்டருக்கு விட்டுட்டாங்க, தெரியுமா?" என்றார்.

வரும் வழியில் டியூஷன் சென்டரின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "தெரியும்க்கா," என்றேன்.