சொற்பம் என்றால் எத்தனை பேர்?

மருதாத்தாள் அக்காள் தவறிவிட்டார் என்ற சேதி சாப்பாட்டு மணி அடிக்கும்போது வந்தது. கொண்டுவந்தவர் நம்மோடு மில்லில் ரீலிங் பகுதியில் நூல் சுற்றும் கருப்பாத்தாள் அக்காள். காய்ச்சலோடு அவிநாசிக்குத் தாய்வீடு போனவர் திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் இருந்தோம். "ஆரு பார்த்தாங்க?" என்று கேட்டுவிட்டேன். வேறொருவர் என்றால் அறைந்திருப்பார். "நாந்தாங் கண்ணு பார்த்தேன். என் கையைப் புடிச்சுட்டேதான் போனா" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அப்படிக் கேட்கும் பழக்கம் மருதாக்காளிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

பீளமேட்டு மில்லில் நம் பகுதியில் பேப்பர் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். காப்பிக் கடையிலிருந்து முந்தின நாள் பேப்பரை வாங்கிவந்து, மதியம் வேப்பமரத்தடியில் உரக்கப் படிப்பார். நூலும் சுற்றினார், நூலும் படித்தார். இரண்டிலும் முடிச்சை மறைக்கமாட்டார். என் தூக்குப்போசியில் ஊறுகாய் இருந்தால் கேட்காமலே எடுத்துக்கொள்வார். "கேட்டா நீ இல்லீன்னு பொய் சொல்லோணும். உனக்கு எதுக்குப் பாவம்?"

வடமேற்கு எல்லையில் சண்டை நடந்த வருஷம் அது. கருப்பாக்காளின் மகன் வேலுசாமி அங்கே பட்டாளத்தில் சமையல்காரன். கடிதம் நின்று மாதங்கள் ஆகியிருந்தன. மருதாக்காளுக்குக் கண்வலி வந்ததால் ஒரு வாரம் நான் படித்தேன். பேப்பரில் தினமும் ஒரே பாட்டு: 'நம் படை முன்னேறுகிறது. சேதம் சொற்பம்.' சலித்துப்போய் ஒருநாள் என் சரக்கையும் சேர்த்தேன். 'சண்டை முடிந்தது. பட்டாளம் ரயிலேறிவிட்டது. நாளை கோயமுத்தூர் ஸ்டேஷனில் மேளதாளத்தோடு வரவேற்பு.' எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. பேப்பரில் வந்துவிட்டால் அது நமக்குச் சாமி வாக்கு. மறுநாள் கருப்பாக்காள் வேலைக்கு வரவில்லை.

நான் சேர்த்துப் படித்ததை மருதாக்காள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். வேலை விட்டதும் வீங்கிய கண்ணோடு என்னை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார். "நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லோணும்." அங்கே புதுச்சேலை கட்டி, மடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, கருப்பாக்காள் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் அடிக்கவில்லை.

"அப்ப பேப்பர்ல நெசமா என்னதான் போட்டிருக்குது?"

"சேதம் சொற்பம்னு போட்டிருக்குதுங்க."

"சொற்பம்னா எத்தனை பேரு கண்ணு?"

மருதாக்காள்தான் பதில் சொன்னார்: "அதைப் போடலீங்க அக்கா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொன்ன பொய்க்கு நீ ஸ்டேஷன் வரைக்கும் வந்துபோட்டே. சொற்பம்னு எழுதினவன் எந்த ஸ்டேஷனுக்கு வருவான்?"

மறுநாளே கண்ணைத் துடைத்துத் துடைத்து அவரே படித்தார். சண்டைச் சேதி ஒவ்வொன்றிலும் யார் பார்த்தது, எத்தனை பேர் என்று தேடுவார். இல்லையென்றால், பக்கத்துக் கூடையிலிருந்து நூல் தீர்ந்த வெறுங்கட்டை ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். மந்திரி பேச்சு என்றால் வரிக்கு ஒரு கட்டை விழும். "மடி நெறைஞ்சுபோச்சுங்க. இன்னிக்கு நம்மாளுக ரொம்பத்தான் ஜெயிச்சிருக்காங்க" என்பார்.

ஒரு வருஷம் கழித்து வேலுசாமி ஊன்றுகோலோடு வந்தான். அதே மரத்தடியில் உட்கார்ந்து, "அந்தச் சொற்பத்துல நானும் ஒருத்தனுங்க" என்றான். மருதாக்காள் மடியிலிருந்து ஒரே ஒரு கட்டையை எடுத்துக் கூடையில் திரும்பப் போட்டார்.

இப்போது ஐரோப்பாவில் பெருஞ்சண்டை மூண்டுவிட்டது. "ஜெயிச்ச சேதியை மட்டும் படி அம்மிணி, இல்லீன்னா பேப்பரே வேண்டாம்" என்கிறார் மேஸ்திரி. "பொய் படிச்சவளா இனிமே படிக்கிறது?" என்று இங்கே கூடியிருக்கும் உங்களில் சிலர் பேசியதும் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நேற்று கருப்பாக்காள் பேப்பரை என் கையில் திணித்து, "இவளே படிக்கட்டும். இவளுக்குத்தான் ஸ்டேஷனுக்கு வழி தெரியும்" என்றார்.

மருதாக்காளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வெறுங்கட்டைகளைத்தான். நாளை மதியம் ஜெயித்ததையும் படிப்பேன், தோற்றதையும் படிப்பேன். மேஸ்திரி வந்தால் அவருக்கும் நிழலில் இடமுண்டு. நானாக எதையாவது சேர்த்ததாகத் தோன்றினால், எழுந்து வந்து என் மடியில் ஒரு கட்டையைப் போடுங்கள்.