அண்ணா அரசனான வெள்ளிக்கிழமை

அண்ணா அரசனாகப் போகிறான் என்ற செய்தி பாரிஸுக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒரே மாலையில் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பாதான் சொந்தக்காரரை ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார். "எங்கடை தம்பி ராசாவா வாறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மகனை அவர் தம்பி என்றுதான் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் நன்றாகத் திகைத்து முடிந்த பிறகுதான் பள்ளிக்கூட நாடகம் என்ற விபரம் வெளியே வரும். பாரிஸ் மாமா, "ஏன், உங்கை தேர்தல் வைச்சவங்களோ?" என்று கேட்டாராம். அதையும் அப்பா அடுத்த அழைப்பில் சேர்த்துச் சொன்னார்.

நாங்கள் அப்போது சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில், ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு பேர்ன் நகர மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை. அம்மா வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில். அண்ணா ஐந்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு.

அண்ணா அரசனானதில் அவனுடைய திறமைக்கு எந்தப் பங்கும் இல்லை. அந்த வேடத்துக்கு வகுப்பில் ஒன்பது பேர் போட்டிபோட்டதால் ஆசிரியை தன் கம்பளித் தொப்பிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். கையே தூக்காமல் இருந்த அண்ணாவின் பெயரும் தவறுதலாக அதற்குள் இருந்திருக்கிறது. அதுதான் வந்தது.

கதை ஐரோப்பாவின் மிகப் பழைய கதைகளில் ஒன்று. அரசன் இறந்துபோகிறான். நடுவில் ஒரு கல், கல்லில் செருகிய ஒரு வாள். அதை உருவுகிறவனே அடுத்த அரசன். பலசாலிகள் எல்லோரும் இழுத்துப் பார்த்துக் களைத்துப்போகிறார்கள். தன் தமையனுக்கு ஒரு வாள் தேடி அந்தப் பக்கம் ஓடிவந்த சின்னப் பையன் ஒருவன், விசயம் தெரியாமல் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஆசிரியை இந்தக் கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கோட்டைக்குப் பதிலாக மலையடிவாரத்தில் ஒரு உணவுவிடுதி, குதிரைகளுக்குப் பதிலாகச் சைக்கிள்கள். வாள் மட்டும் பழையபடி வாளாகவே இருந்தது.

இதை நாங்கள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அப்பா பெருமூச்சு விட்டார். "எங்கடை ஆக்கள் யானையின்ரை துதிக்கையிலை மாலையைக் குடுத்து விடுவினம். அது யாருக்குப் போடுதோ அவன் ராசா. மரியாதையான முறை. இவங்கள் கல்லிலை கத்தியைக் குத்தி வைச்சு, பிள்ளையளை இழுக்க விட்டிருக்கிறாங்கள்."

ஆனால் கல்லைச் செய்து தருவதாக ஆசிரியையிடம் ஒத்துக்கொண்டதும் அவர்தான். மருத்துவமனைக்கு இயந்திரங்கள் வரும் பெட்டிகளில் அடைத்து வருகிற, நுரைபோல இலேசான வெள்ளை ரெஜிபோம் துண்டுகளை மூன்று வாரமாகப் பேருந்தில் சுமந்து வந்தார். ஒட்டினார், செதுக்கினார், சாம்பல் நிறம் பூசினார். வரவேற்பறையின் நடுவில் ஒரு மலை வளர்ந்தது. தொலைக்காட்சியை எட்டி எட்டிப் பார்க்கவேண்டியதாயிற்று. வாள் நிற்பதற்கு, தரை கூட்டும் தும்புத்தடியைச் சுவரில் மாட்டும் இரும்புக் கவ்வி ஒன்றை உள்ளே பொருத்தினார். கொஞ்சம் இழுத்தால் வராது. நன்றாக இழுத்தால் வரும். அப்பாவின் கணக்கு அது.

கல் அப்பாவின் பொறுப்பு என்றால் அண்ணா என் பொறுப்பு. அவனுக்கு மனப்பாடம் ஓடாது. எனக்கு ஓடும். பள்ளி விட்டு வந்ததும் அவனைச் சமையலறையில் நிறுத்தி, மற்ற எல்லாருடைய வசனத்தையும் நான் சொல்லி, அவனுடையதை அவனிடம் கேட்பேன். இரண்டு வயது இளையவளுக்கு இப்படியோர் அதிகாரம் சும்மா கிடைக்காது. நான் அதை வீணாக்கவில்லை.

எல்லாம் வந்தது, ஓர் இடத்தைத் தவிர. வாளோடு வீட்டுக்கு வரும் பையன் முன்னால் விடுதிக்காரத் தகப்பன் முழங்காலில் இருந்து உண்மையைச் சொல்லும் இடம் அது. டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் மொழியில் அவர் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்: "நான் உன் அப்பா இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு துணியில் சுற்றி உன்னை என் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நான் வளர்த்தேன்." அதற்கு அரசன், "அப்படியானால் நான் யார்?" என்று கேட்கவேண்டும். மூன்று சொல். அந்த மூன்று சொல் அண்ணாவுக்கு வரவேயில்லை.

நான் அம்மாவின் கம்பளிச் சால்வையைத் தாடியாகக் கட்டிக்கொண்டு முழங்காலில் இருப்பேன். "நான் உன் அப்பா இல்லை" என்பேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மறுபடி சொல்வேன். மறுபடி நிற்பான். "உனக்குத் தலைக்குள்ளை என்ன இருக்கு?" என்று கத்துவேன். பிறகு பசி வந்துவிடும். தாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, "வா, பாண் சாப்பிடுவம்" என்று அவனை இழுத்துக்கொண்டு போவேன். தினமும் இதுதான் நடந்தது.

அம்மா அங்கேயேதான் லீக்ஸ் நறுக்கிக்கொண்டு நிற்பார். ஒருநாள் கத்தியை வைத்துவிட்டு, "ஏன் பிள்ளை அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் பிடிக்கிறாய்? அதை விட்டிட்டு மற்றதைச் சொல்லிக் குடன்" என்றார்.

"அதுதானே அண்ணாவுக்கு வருகுதில்லை" என்றேன்.

அம்மா குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய லீக்ஸை இன்னொரு தரம் கழுவினார்.

நாடகம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அம்மாவுக்கு வேலை மாற்றக் கிடைக்கவில்லை. அப்பா கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, கமராவோடு முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் நான். மேடையில் கல் உண்மையாகவே கல்லைப்போல இருந்தது. பின்னால் யாரோ அதைப் புகழ்ந்தார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என் காதுக்குள், "நேற்று அந்தக் கவ்வியை இன்னும் கொஞ்சம் நெரிச்சு விட்டனான். பெரிய பெடியள் ஆரும் இழுக்கேக்கை வந்திட்டால் தம்பியின்ரை ராச்சியம் போயிடும்" என்றார்.

பெரிய பெடியள் வந்து இழுத்தார்கள். வாள் அசையவில்லை. அண்ணா வந்து இழுத்தான். அப்போதும் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். வாளோடு சேர்ந்து கல்லும் எழும்பியது. எங்கள் வரவேற்பறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்த மலையை ஒரு மெலிந்த பையன் வாள்முனையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, மண்டபம் வெடித்துச் சிரித்தது. அண்ணா மலையைக் கீழே போட்டு, அதன்மேல் காலை வைத்து ஓர் இழுவை இழுத்தான். கல் இரண்டாய்ப் பிளந்தது. வாள் வந்துவிட்டது, கவ்வியும் கூடவே. வெள்ளைத் துகள்கள் மேடையெல்லாம் பறந்தன. அவ்வளவு பெரிய கைதட்டல் அந்த மண்டபத்தில் அதற்கு முன் கேட்டிருக்காது.

அப்பா மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். "ஐயோ, கூட நெரிச்சுப் போட்டன்."

அடுத்தது அந்தக் காட்சி. பஞ்சுத் தாடி ஒட்டிய செம்பட்டைத் தலைப் பையன் ஒருவன் விடுதிக்காரத் தகப்பன். அவன் அண்ணாவின் முன்னால் முழங்காலில் இருந்து பேசத் தொடங்கினான். அப்பாவுக்கு மருத்துவமனைக்கு வேண்டிய டொச் மட்டும்தான் தெரியும். கட்டில், வாளி, கவனம், ஈரம். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

"பிள்ளை, இப்ப என்னவாம் சொல்லுறான்?"

"'நான் உன்ரை அப்பா இல்லை' எண்டு சொல்லுறான்."

"என்ன?"

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து நான் குரலை உயர்த்தினேன். "நான் உன்ரை அப்பா இல்லையாம். சின்னனிலை துணியிலை சுத்திக் கொண்டந்து தந்தவையாம். இவர் சும்மா வளர்த்தவராம்." பின்வரிசையில் இருந்த பெண்ணொருத்தி எங்களைப் பார்த்து உஸ் என்றாள். 'சும்மா' என்ற சொல் நாடகத்தில் இல்லை. அது நான் போட்டது.

அப்பா கமராவை என் மடியில் வைத்தார். எழும்பி, மற்றவர்களை மறைக்காதபடி குனிந்துகொண்டே பக்கத்துக் கதவை நோக்கி நடந்தார். கல் உடைந்த வெட்கத்தில் போகிறார் என்று நினைத்தேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

மேடையில் அண்ணா பேசாமல் நின்றான். எனக்குத் தெரியும், அதே இடம். முன்வரிசையிலிருந்து வாயை அகலத் திறந்து சத்தமில்லாமல் அந்த மூன்று சொல்லையும் சொல்லிக் காட்டினேன். திரைக்குப் பின்னாலிருந்து ஆசிரியையும் கிசுகிசுத்தார். அண்ணா என்னைப் பார்த்தான். எனக்குப் பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த கதிரையைப் பார்த்தான். பிறகு கதவுப் பக்கம் பார்த்தான். அப்பா கதவின் பிடியில் கையை வைத்துக்கொண்டு, வெளியே போகாமல், திரும்பி மேடையைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணா குனிந்து அந்தச் செம்பட்டைப் பையனின் முழங்கையைப் பிடித்தான்.

"அப்பா, எழும்புங்கோ" என்றான், தமிழில்.

அந்தப் பையன் பாவம், விழித்துக்கொண்டு முழங்காலிலேயே இருந்தான். அண்ணா அவனை இழுத்து நிமிர்த்தினான். "எழும்புங்கோ அப்பா. வீட்டை போவம்." இரண்டாவது தரம் சொன்னபோது அவன் அந்தப் பையனைப் பார்க்கவேயில்லை.

ஆசிரியை சமயோசிதமாக முடிசூட்டு இசையைப் போட்டுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அது நாடகத்திலேயே இருக்கும் வசனம் என்றும், அண்ணாவுக்காக ஆசிரியை அழகாகச் சேர்த்திருக்கிறார் என்றும் நினைத்திருப்பார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை. ஆறு வாரம் சொல்லிக்கொடுத்திருந்தேன்!

நாடகம் முடிந்ததும் பெற்றோர் பூக்களோடு மேடைக்குப் போனார்கள். அப்பா காவலாளியிடம் ஒரு தும்புத்தடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, மேடையில் சிந்திக்கிடந்த ரெஜிபோம் துகள்களைக் கூட்டத் தொடங்கினார். விடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசிரியை சொல்லிப் பார்த்தார். அப்பா சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து கூட்டினார். தலையில் காகித முடியோடு அண்ணா அள்ளுதட்டைப் பிடித்தான். என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது பொறுக்கமுடியாமல் கேட்டேன். "ஏன் அந்த வசனத்தைச் சொல்லேல்லை? ஏன் தமிழிலை கதைச்சனி?"

"மறந்திட்டன்" என்றான் அண்ணா.

"எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டாய்."

அப்பா என் தலையில் கையை வைத்தார். "நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்தனி" என்றவர், எங்கள் இருவருக்கும் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அது ஐஸ்கிறீம் தின்னும் காலமும் இல்லை. நாங்கள் நடுங்கிக்கொண்டே தின்றோம்.

கதவைத் திறந்த அம்மா, "என்னெண்டு போச்சு?" என்று கேட்டார்.

"கல்லு உடைஞ்சு போச்சு" என்றார் அப்பா. அவ்வளவுதான். அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார், அண்ணாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சோறு போட்டார்.

எனக்குப் பதினாறு வயதானபோது, கட்டடத்தின் நிலவறையில், எங்கள் முறைக்கு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த நாளொன்றில் அம்மா சொன்னார். அண்ணா, அம்மாவின் அக்காவுடைய பிள்ளை. ஊரில் போர் நடந்தபோது அக்காவும் அத்தானும் ஒரே ஷெல் வீச்சில் போய்விட்டார்கள். குழந்தை அன்று அம்மாவிடம் இருந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்போது கல்யாணமாகி நாலு மாதம். அண்ணாவுக்குப் பதினெட்டு முடிந்ததும் சொல்லிவிடவேண்டும் என்று இருவரும் முடிவெடுத்து, என்ன சொல்வது, யார் சொல்வது என்று நாட்கணக்காகப் பேசி ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். நாங்கள் உடுப்புத் தோய்த்ததற்கு முதல் நாள் அவனைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னபோது அவன், "ஓம், தெரியும். ரீ போடட்டோ?" என்றானாம். அப்பா அழுதாராம். அம்மா இதைச் சொல்லிக்கொண்டே தலையணை உறைகளை இயந்திரத்தில் திணித்தார். எனக்கு அந்த 'சும்மா' என்ற சொல்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணா இப்போது பாசல் நகரில் ட்ராம் ஓட்டுகிறான். சென்ற வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டில், தன் மகளுக்கு அந்தக் கல்லும் வாளும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எந்த இடத்தையும் தாண்டவில்லை. தகப்பன் முழங்காலில் இருந்து, நான் உன் அப்பா இல்லை என்று சொல்லும் இடத்தையும் சொன்னான். "பிறகு?" என்றாள் மகள். "பிறகென்ன, எல்லாரும் வீட்டை போய்ச் சாப்பிட்டினம்" என்றான்.

அவள் விளையாடப் போனபிறகு, அத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் கேட்டேன். "உனக்கு எப்பவிலையிருந்து தெரியும்?"

"ஏழு வயசிலை. ஒரு கல்யாண வீட்டிலை ரெண்டு அன்ரிமார் எனக்குப் பின்னாலை நிண்டு கதைச்சவை. வீட்டிலை கேட்டால் அனுப்பிப் போடுவினம் எண்டு பயம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாலு வருசமா ஒவ்வொரு நாளும் அந்தப் பயம்."

"பிறகு?"

அவன் சிரித்தான். "பிறகு நீதானே சால்வையைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னாய். ஒவ்வொரு நாளும் என்ரை முகத்துக்கு நேரை சொன்னாய். சொல்லிப்போட்டுப் பாண் சாப்பிட வா எண்டு இழுத்துக்கொண்டு போனாய். இவளுக்கும் எல்லாம் தெரியும், தெரிஞ்சும் ஒண்டும் மாறேல்லை எண்டு விளங்கிச்சுது. அதோடை பயம் விட்டுப் போச்சு. நீ தெரிஞ்சுதான் சொல்லுறாய் எண்டு நினைச்சன்."

எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் தோடம்பழம் ஒன்றோடு வந்து, உரித்துத் தரச்சொல்லி அவன் மடியில் ஏறிவிட்டாள்.

இன்னும் சொல்லவில்லை.