கதைச்சால் இறுகாது

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய மல்வேர்னில், எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் மே, ஹோதோர்ன் என்ற குட்டிச் சிவப்புப் பழங்களைக் கொட்டை எடுத்து, அவித்து மசித்து, சீனி போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புளிப்பு ஆவி முகத்தில் பட்டதும் பக்கத்தில் நின்ற நான் என்னையறியாமல் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஊரில் அம்மா கொய்யாப்பழ ஜெலி கிண்டும்போது ஒருவரும் பேசக் கூடாது. "கதைச்சால் இறுகாது" என்பா. நானும் தங்கச்சியும் அடுப்படியில் குந்தியிருப்போம். சாறு மெல்லச் சிவந்து, அகப்பையிலிருந்து கனத்த சொட்டாக விழும். தும்மல் வந்தால் தங்கச்சி சட்டையைக் கடிப்பாள். அப்பா கொழும்புக்குப் போய்த் திரும்பாத வருசம் அம்மா அடிக்கடி ஜெலி கிண்டினா.

மே கிண்டி முடிக்கும்வரை போனில் தன் தாயோடு ஓயாமல் கதைத்தாள். தட்டில் ஊற்றியது ஆறியதும் கத்தியால் வெட்டினாள். கட்டியாக இறுகியிருந்தது. நான் திகைத்துப்போனேன்.

இரண்டு துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"கதைச்சுக் கதைச்சுத்தான் கிண்டினவ. எப்பிடியம்மா இறுகினது?"

அம்மா ஒன்றை வாயில் போட்டா.

"கதைச்சாலும் இறுகும். அப்பா எப்ப வருவார், அப்பா எப்ப வருவார் எண்டு ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே நிண்டியள். எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை. ஜெலி கிண்டுற நேரமாவது கேக்காமல் இருக்கட்டும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்."

அம்மா மற்றத் துண்டையும் எடுத்தா.

"கொஞ்சம் புளிப்புக் கூடிப்போச்சு" என்றா.