உப்புப் போட்டுக் காயவைத்த கதை

வேற்றுக் கிரகம், மாயக் குகை, காலயந்திரம் என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஓர் இணைய இதழ் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தது. உங்கள் அன்றாடம் எப்படிப் போகிறது? உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது?

மற்றவர்களின் பதில்களைப் படித்துப் பார்த்தேன். ஒருவர் விடியுமுன் எழுந்து தியானம் செய்கிறார். இன்னொருவர் தேநீர்கூட வரையறுத்த நேரத்தில்தான் குடிக்கிறாராம். நான் மீன் வறுத்து டப்பாவில் கட்டி, மகளைப் பள்ளிக்குத் துரத்திவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன்மேலேயே எழுத உட்காருகிறேன். என் கதாநாயகன் விண்மீன் கூட்டத்தைக் கடக்கும் நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கும். முதல் கேள்விக்கு இவ்வளவுதான் பதில்.

இரண்டாவது கேள்விதான் சிக்கல். எனக்கு உயிரான அந்தப் புத்தகத்தின் கடைசி இருபது பக்கங்களை நான் இன்றுவரை படித்ததில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கல்லுப்பு.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் பசியாவரம், ஏரிக்கு நடுவே ஒரு தீவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நூலகம், பஸ் எல்லாம் பழவேற்காட்டுக் கரையில். எதற்கும் படகேற வேண்டும். அந்த வருஷம் தை மாதம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பெண். அதே ஏரி, அதே மடவை மீன், அதே சேறு. ஆனாலும் எங்கள் வீட்டுக்குள் வேறு உலகத்தில் இறங்கியவள் போலத்தான் நின்றாள். தெலுங்கில் படித்தவள். தமிழ் பேசினால் புரியும், பாதி பேசவும் வரும். எழுத்துதான் தெரியாது. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அக்கரையைப் பார்ப்பாள். அங்கே ஒரு கோடு மாதிரி மரங்கள் தெரியும், அவ்வளவுதான்.

"நாம இன்னா அடிச்சமா, திட்னமா? தட்டுல போட்ட சோறு அப்டியே கீது" என்று அம்மா நைனாவிடம் அங்கலாய்ப்பாள். நைனா வலையைப் பார்த்துக்கொண்டே, போகப் போகச் சரியாகும் என்பார். அவருக்கு எல்லாமே போகப் போகச் சரியாகும்.

சித்தப்பாவோ அதிசயப் பிறவி. ஊரில் அவர் வயசுக்காரர்கள் கிரிக்கெட்டுக்கு அலைந்தபோது அவர் விண்வெளிக் கதைகளுக்கு அலைந்தார். ஐஸ் போட்டு இறால் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் பாக்கெட் நாவல்களை அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பெட்டியைத் திறந்தால் ராக்கெட்டுக்கும் இறால் வாசனை அடிக்கும். வேற்றுக் கிரகவாசியிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும். கட்டின பெண்டாட்டியிடம் பேசத்தான் தெரியவில்லை. கல்யாணமான ஐந்தாம் மாதம், ஆந்திராப் பக்கம் தங்கித் தொழில் செய்யும் படகில் ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள், கிளம்பிவிட்டார். போகும்போது தன் நூலக அட்டையையும் ஒரு புத்தகத்தையும் என் கையில் கொடுத்தார்.

"இத்த சித்திக்குப் படிச்சுக் காட்டு. ஒரே மூச்சுல முடிச்சிடாத. தெனம் கொஞ்சம் பாக்கி வையி. அப்பதான் நாளைக்குன்னு ஒன்னு இருக்கும்."

மூன்று பாகங்கள் கொண்ட கதையின் முதல் பாகம் அது. கடல் உள்ள கிரகத்துப் பெண் ஒருத்தியைக் கடலே இல்லாத கிரகத்துக்குக் கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே மணல்தான் கப்பல் ஓடுகிற இடம். அந்த ஊர்ப் பேச்சும் அவளுக்குப் புரியாது, சோறும் இறங்காது. முதல் நாள் நான் படித்தபோது சித்தி மீன் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் கத்தி நின்றது. மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

"கடலே இல்லனா அந்த ஆளுங்க இன்னா துன்றாங்க?"

புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்தாலும் நாங்கள் அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசினோம். அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் படகைப் பார்த்துக்கொண்டு சித்தி நிற்பாள். தன் தட்டில் விழும் மீன்சினையை என் தட்டுக்குத் தள்ளுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் பாகத்தை நூலகத்தில் எடுத்து வந்த அன்று, தான் இல்லாமல் ஒரு பக்கம்கூட முன்னால் படிக்கக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆடி நெருங்கியது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக ஆள் வருவார்கள். ஒருநாள் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது: "ஆடிக்குப் போனா ஆவணிக்குத் திரும்பும்னு எனக்குத் தோணல. புருஷனும் ஊர்ல இல்ல. எத்த நம்பி வரும் அது?" முந்தின நாள்தான் கதைக்கு நடுவே சித்தி கேட்டிருந்தாள்: "பாப்பா, அந்தப் பொண்ணு அவங்க அம்மா ஊருக்குத் திரும்பிப் போவுமா?"

இரண்டாம் பாகத்தில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. சித்தி கிளம்ப ஐந்து நாள் இருந்தது. முடிவு என்னவென்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. சத்தியத்தைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு, பள்ளிவிட்டுத் திரும்பும் படகில் புத்தகத்தைத் திறந்தேன். ஏரிக்குக் காதிருக்கிறது போலும். அத்தியாயத்தின் முதல் வரியில் கண் பதியுமுன், வலைக்கு நட்டிருந்த கழியில் படகு இடித்தது. சத்தியம் போன இடத்துக்கே புத்தகமும் போயிற்று.

படகுக்காரர் துடுப்பாலேயே அதை வாரி எடுத்துக் கொடுத்தார். எடுத்தபோது அது குழம்பில் விழுந்த அப்பளம் மாதிரி இருந்தது. நூலகப் புத்தகம். சித்தப்பாவின் அட்டை. அழுகையாக வந்தது. ஆனால் அழுது என்ன செய்ய? ஈரமான எதையும் கெடாமல் காப்பாற்றுவது எப்படி என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். மறுநாள் காலையில், அம்மா கருவாட்டுக்கு வைத்திருந்த கல்லுப்பிலிருந்து நாலு கை அள்ளினேன். பக்கத்துக்குப் பக்கம் உப்புத் தூவி, மேலேயும் கொஞ்சம் தேய்த்து, வீட்டுக்குப் பின்னால் விரித்திருந்த பழைய வலையில் நெத்திலிக்குப் பக்கத்தில் புத்தகத்தையும் மல்லாத்தி வைத்தேன். காக்காய் கொத்தாமல் காவலும் இருந்தேன். வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது தனிக் கதை.

வெயிலில் நன்றாகத்தான் காய்ந்தது. சாயங்காலக் காற்று பட்டதும் உப்பு தண்ணீர்விட்டது. மறுநாள் திரும்பக் காயவைத்தேன், திரும்பத் தண்ணீர்விட்டது. கடைசியில் முன்பக்கங்கள் ஒருவாறு பிரிந்தன. கடைசி இருபது பக்கம் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக, வெட்டினால் குழம்புக்குப் போடலாம் என்கிற பதத்தில் நின்றுவிட்டது. வீட்டுப் பூனை அதை விட்டு நகரவே இல்லை.

சித்தி கிளம்ப மூன்று நாள் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சத்தியத்தை மீறியதும் தெரிந்துவிடும். அதைவிட, கதை இப்படி அறுந்துபோனால் சித்தி திரும்பி வர என்ன இருக்கிறது? அவளுக்கோ எழுத்துத் தெரியாது. ஆகவே அந்தக் கட்டியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அதன்மேல் விரலை ஓட்டி, நானே கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் பெரிய தப்புச் செய்தேன். அந்தப் பெண் திரும்பிப் போகவே கூடாது என்பதற்காக அவளுடைய கிரகத்தை வெடிக்க வைத்துவிட்டேன். அம்மா ஊரே இல்லையென்றால் எங்கே போவாள்? நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் சித்தியின் முகம் இருண்டிருந்தது. எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. என் தட்டுக்கு மீன்சினையும் வரவில்லை. நான் படுத்தபடி என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் கிரகத்தை ஒட்டவைத்தேன். வெடித்தது கிரகம் இல்லை, பக்கத்திலிருந்த ஒரு நட்சத்திரம். புகை மூடியதால் தெரியாமல் போய்விட்டது. புகை விலகினால் எல்லாரும் சௌக்கியம், அவளுடைய அம்மா வாசலில் வலை உலர்த்திக்கொண்டிருக்கிறாள்.

"நேத்து வெடிச்சிச்சுன்னு போட்டிருந்துதே?" என்றாள் சித்தி.

"அது தப்பா அச்சடிச்சிட்டாங்களாம் சித்தி. இந்தப் பக்கத்துல மன்னிப்புக் கேட்டுக்கீறாங்க."

"ஓ" என்றாள் சித்தி. இருமல் வந்தது போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள்தான் எனக்கு வழி கிடைத்தது. தினமும் நான் ஏறி இறங்குகிற வழிதான் அது. கடல் கிரகத்துக்கும் மணல் கிரகத்துக்கும் நடுவில் ஒரு படகு விட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்தப் பெண் காலையில் ஏறி அம்மாவைப் பார்த்து, அம்மா கையால் சாப்பிட்டு, சாயங்காலப் படகில் திரும்பிவிடுவாள். தலையில் துண்டு கட்டின ஒருவர் விண்வெளியில் நின்று, கிளம்புது, கிளம்புது, ஏறுறவங்க ஏறு என்று கூவுகிறார். சித்தி பகபகவென்று சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்கியும் நம்ம படகுக்காரர்தானா?" என்றாள் சித்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவரு இல்ல, அவர மாதிரி ஒருத்தர்" என்றேன். ஒருநாள் அந்தப் பெண் ஏறின படகு நடுவழியில் நின்றுவிடுகிறது, இஞ்சினில் யாரோ தட்டும் சத்தம் கேட்கிறது என்ற இடத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். மீதி மூன்றாம் பாகத்தில்.

மறுநாள் சித்தியின் அண்ணன் வந்து அழைத்துப் போனார். கிளம்புமுன் சித்தி அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பத்திரமாக நூலகத்தில் கொண்டுபோய்க் கொடு என்று என்னிடம் நீட்டினாள். படகு சிறிதாகும்வரை நான் கரையில் நின்றேன்.

ஆடி நடுவில் சித்தப்பா திரும்பி வந்தார். அவரிடம் மறைக்க முடியவில்லை. கட்டியை மோந்து பார்த்தார். "உள்ள இன்னா முடிவு இருந்துச்சோ, மீனுக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு கேட்டார்: "அவளுக்கு முடிச்சியா இல்லியா?"

"முடிச்சேன் சித்தப்பா."

கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, தனக்குப் பிடித்த நாவல்களில் இரண்டை எடுத்துக்கொண்டு என்னை நூலகத்துக்குக் கூட்டிப் போனார். நூலகர் உப்புப் புத்தகத்தைப் பார்த்து, "இத்த அலமாரில வைக்கவா, கயித்துல தொங்கவிடவா?" என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த இரண்டு நாவல்களையும் ஈடாக எடுத்துக்கொண்டு மூன்றாம் பாகத்தை என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். அதில் அந்தப் பெண் தன் தாய்வீட்டில் இருக்கிறாள். இனி அந்த மணல் ஊரை எட்டியும் பார்க்க மாட்டேன் என்று அம்மாவிடம் சபதம் செய்கிறாள். படகும் இல்லை, படகுக்காரரும் இல்லை. புத்தகத்தைத் துணிக்கடியில் ஒளித்து வைத்துவிட்டு, சித்தி வரவேண்டும் என்றும், வந்தால் மூன்றாம் பாகத்தைக் கேட்கக் கூடாது என்றும் எல்லைக் கோயில் அம்மனிடம் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

ஆவணி பிறந்து நாலாம் நாள் சாயங்காலப் படகில் சித்தி வந்தாள். சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் அவள் பையை வாங்கிக்கொண்டார். அம்மா அடுப்பில் இன்னொரு உலை வைத்தாள். சித்தி முகம் கழுவிக்கொண்டு நேரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, நடுவழியில படகு நின்னுச்சே. இஞ்சின தட்டினது யாரு?"

வேறு வழியில்லை. எழுந்து போய், துணிக்கடியிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து வந்தேன். சித்தி அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாள்.

"புக்கு வேணா. நீ சொல்லு" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. பாவம், படகில் வந்த களைப்பு, புத்தகமெல்லாம் இன்று வேண்டாமென்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இஞ்சினைத் தட்டியது ஒரு வயசான ஆமை என்று ஆரம்பித்தேன். சித்தி மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த சித்தப்பாவும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அவள் புத்தகத்தைக் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. சித்தி எவ்வளவு சுலபமாக ஏமாந்துவிடுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அவள் ஆடிக்குக் கிளம்புமுன் கதை படித்துக் காட்டிய அந்த மூன்று நாளும் அவள் கண்முன் நான் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை என்பது உறைக்க எனக்கு எத்தனையோ வருஷங்கள் ஆயின.