இரண்டாவது சாட்சி

என் அம்மா அல்லாஹ்விடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் இன்னும் ஓர் அறையாவது இருந்திருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் வருடம் தவறாமல் கேட்டாள். ரமலானில் நோன்பு திறக்கும் நேரம், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யா அல்லா, என்னய இந்த மாசத்துலயே கூப்பிட்டுக்க" என்பாள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? "மொதல்ல கஞ்சியக் குடிக்க விடும்மா, மவுத்தாகுறத அப்பறம் பாப்போம்" என்பேன்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு ஓதத் தெரியாது. ஓதப் போகவேண்டிய வயதில் சரவெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட உட்கார்ந்தவள், கண் மங்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. விரல் நுனியில் பசை காய்ந்து காய்ந்து தோலே தடித்துப் போயிருந்தது. தொழுகைக்கு வேண்டிய, குர்ஆனின் சின்ன சூராக்களைக் காதால் கேட்டே பிடித்துவைத்திருந்தாள். எதுவும் ஒரு தடவையில் அவளுக்கு ஏறாது. அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படியும் இரண்டு சூராக்கள் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன.

கபுரில் வைத்து மண்ணைத் தள்ளியதும் இரண்டு மலக்குகள், அதாவது வானவர்கள், வருவார்கள், உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. "அரபியில கேட்டா நான் என்னத்தடா சொல்லுவேன்?" என்பாள். "ஒங்கிட்ட சிவகாசித் தமிள்லதாம்மா கேப்பாக" என்று கிண்டல் செய்வேன். சிரிக்க மாட்டாள். ரமலானில் இறந்தவர்களிடம் அந்தக் கேள்வியே கேட்கப்படாது என்று பெண்களுக்கான பயான் சொற்பொழிவு ஒன்றில் யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறேன். அடுத்த வருட ரம்ஜானை இந்த வருட ஆடியிலேயே சிவப்பில் அச்சடித்துவிடுவோம். நிலா அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சூரியன் விழுந்ததும் மேற்கே பார்ப்போம். பிறை தெரிந்தால் அந்த நிமிடமே ரமலான் முடிந்து பெருநாள் இரவு. தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பையும் வைக்க வேண்டும். எங்களுக்குத் தேதி மாறுவது சூரியன் விழும் மக்ரிபில்தான், நடுராத்திரியில் இல்லை. பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போய் நான் லீவை மாற்றிக் கேட்கும் வருடங்களில் முதலாளி அலுத்துக்கொள்வார். "ஏலே, செவப்பு மை போட்டு அடிச்சு வச்சிருக்கேன். ஒங்க நெலா அது இஷ்டத்துக்கு வருமாலே?" நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு நாள் முன்னே பின்னே ஆவதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ரமலானுக்கு முன்பே அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்ல வச்சுப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். விருதுநகரில் வாழ்க்கைப்பட்ட அக்கா வந்து கூடவே தங்கினாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அம்மா தினமும் கேட்டது ஒரே கேள்விதான். "இன்னைக்கு எத்தனாவது நோம்பு?"

முதல் பத்து நாளில் நிம்மதியாகக் கேட்டாள். நடுப் பத்திலும் அப்படித்தான். கடைசிப் பத்து வந்ததும் அவள் குரலில் பதற்றம் ஏறியது. நோன்புகள் தீர்ந்துகொண்டிருந்தன, மூச்சு தீரவில்லை. "நாளு பத்தாதேடா" என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று இரவுத் தொழுகைக்குப் பிறகு அக்கா கையேந்தி அழுதுகொண்டே, அவ கேட்டதைக் கொடுத்துவிடு என்று துஆ கேட்டது என் காதில் விழுந்தது. "பெத்தவ சாகணும்னு கேக்குறியே, நீயெல்லாம் ஒரு மகளா?" என்று கத்திவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்து, "அவளுக்கு வேண்டியத நான் கேக்கேன். நீ ஒனக்கு வேண்டியதக் கேக்க" என்றாள். அது உண்மைதான். எனக்கு அம்மா வேண்டும். எந்த மாதமாக இருந்தாலும் வேண்டும்.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று காலையிலேயே சவூதியில் இருக்கும் மச்சானிடமிருந்து பெருநாள் வாழ்த்து வந்துவிட்டது. அங்கே முந்தின மாலையே பிறை பார்த்துவிட்டார்கள். அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "அது அவுக ஊருக் கணக்கு. நமக்கு இன்னும் இருக்கு" என்றாள். மதியத்திலிருந்து வானம் மூடிக்கொண்டு வந்தது. அக்கா அடிக்கடி வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "பெற தெரியாதும்மா, நாளைக்கும் நோம்புதான்" என்று அம்மாவின் காதில் சொன்னாள்.

சாயங்காலம் சிலிண்டர் காலியாகப் போவது தெரிந்தது. பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் பார்க்கும் என் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு பைக்கில் சிவகாசிக்கு ஓடினேன். அவன் இந்து. ஆனால் எங்கள் நோன்புக் கஞ்சி என்னைவிட அவனுக்குத்தான் பிடிக்கும். திரும்பும்போது சின்ன சிலிண்டரைப் பிள்ளையைப்போல மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். திருத்தங்கலுக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் சாத்திக் கிடந்தது. கேட்காரரிடம் கெஞ்சினேன், பிறகு சண்டை போட்டேன். "ரயில நானா ஓட்டுறேன்?" என்றார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாட்டில் தண்ணீரில் நோன்பைத் திறந்தேன். ரயில் வரவில்லை.

"அண்ணே, அங்கன பாருங்க. அந்தா, ஒங்க பெற" என்றான் சிநேகிதன்.

மேகம் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் கூரைக்குக் கொஞ்சம் மேலே, நகம் வெட்டிப் போட்ட அளவுக்கு மெல்லியதாக, மல்லாந்து கிடந்தது. வெறும் பழக்கம்தான், சந்தோஷமாகிவிட்டேன். பிறை பார்த்தால் ஓதும் துஆ வாயில் தானாக வந்தது. முழுவதும் ஓதி முடித்த பிறகுதான் என்ன பார்த்திருக்கிறேன் என்பது உறைத்தது. "மறைஞ்சு தொலையேன்" என்று வாய்விட்டே சொன்னேன். அது மறையவும் செய்தது. மேகம் திரும்ப மூடிக்கொண்டது. ரயில் கடந்து போனது. கேட் ஏறும்போது போன் அடித்தது.

அக்கா அழவில்லை. "பாங்கு சொல்லி, வாயில ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன்டா. முழுங்குனா. அப்பறம் மூச்சு விடல. ரமலான்லயே போயிட்டாடா, கேட்டது கெடச்சிருச்சு" என்றாள். நிறைந்த சிலிண்டரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிநேகிதன் வாசலிலேயே சுமந்துகொண்டு நின்றான்.

அம்மாவின் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். முகத்தில் வேதனை எதுவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அக்கா ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தாள். மக்ரிப் ஆகிவிட்டது என்பது அவளுக்கும் தெரியும். பிறை தெரியாவிட்டால்தான் அம்மா ரமலானில் போனவள். தெரிந்தால், ரமலானைத் தொட்டுக்கொண்டு, அதற்கு வெளியே போனவள். அதனால்தான் வந்தவர்களிடம் எல்லாம், "வானம் மூடித்தான கெடக்கு? யாரும் பாக்கலல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாரும் அவள் மனசுக்கு இதமாகவே பதில் சொன்னார்கள்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. சுட்டிக்காட்டிய சிநேகிதன் மேலா, ரயில்வே கேட் மேலா? கேட் திறந்திருந்தால் அம்மாவின் மூச்சு நிற்கும்போது பக்கத்தில் இருந்திருப்பேன், பிறையையும் பார்த்திருக்க மாட்டேன். இரண்டிலும் தவறான இடத்தில் நின்றிருக்கிறேன்.

இஷா தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசல் ஹஜரத் அடக்கத்தைப் பற்றிப் பேச வந்தார். கொஞ்ச நேரம் அம்மாவுக்காக துஆ செய்தார். பிறகு என்னிடம் சொன்னார். "தம்பி, சென்னையில இருந்து இன்னும் அறிவிப்பு வரல. எங்க கேட்டாலும் மேகம்ங்காங்க. நம்ம ஊர்ல கறிக்கடை பாய் ஒருத்தர் மட்டும் பாத்தேங்காரு. பெருநாளுக்கு ஒரு சாட்சி பத்தாது, ரெண்டு பேரு வேணும். இன்னொருத்தர் கெடச்சா போன் போட்டுச் சொல்லிரலாம். இல்லாட்டி தராவீஹ் தொழுதுட்டு நாளைக்கு நோம்பு வைக்க வேண்டியதுதான். அடக்க நேரத்தையும் அதுக்கேத்தாப்ல வச்சுக்குவோம்."

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நோம்புதான் ஹஜரத். நானே மாடியேறிப் பாத்துட்டேன். எங்கம்மா ரமலான்லதான் போயிருக்கா."

வாசலில் நின்ற சிநேகிதன் என்னைப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு நேரமும் அக்கா பேசியதைக் கேட்டிருந்ததால் அவனுக்கு விஷயம் புரிந்திருந்தது. அவன் சாட்சி எங்கள் கணக்கில் சேராது. அவன் வாயும் திறக்க மாட்டான். ஆக, இந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

ஹஜரத் எழுந்தார். போகட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஊர் முழுக்க ஒரு நாள் கூடுதலாகப் பட்டினி கிடந்தால் யார் செத்துவிடப் போகிறார்கள்? ஆனால் பெருநாளன்று நோன்பு வைப்பது ஹராம். அது போகட்டும். நான் வாயை மூடிக்கொண்டால் அம்மா ஊருக்கு ரமலானில் இறந்தவளாக ஆவாள், அக்காவுக்கும் ஆவாள். பார்த்துவிட்ட எனக்கு ஆகவே மாட்டாள். நான் என்ன செய்தாலும் அந்தக் கேள்வி அவளுக்கு உண்டு. அந்த இரண்டு மலக்குகளுக்கு முன்னால் என் பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அவளைப் போகச் சொல்வதா?

"ஹஜரத், நான் பாத்தேன்."

அவர் திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். எங்கே, எவ்வளவு உயரத்தில், எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மையத்து வீட்டுல இருக்கீக. மனசு கலங்கிப் போயிருப்பீக. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அதை அவர் அன்பாகத்தான் சொன்னார். தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்த மாதிரியும் இருந்தது. அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு இன்னொரு தடவை சொன்னேன். அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னேன், கேட்டுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் முழக்கம் தொடங்கியது. தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஒரு சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். யாரோ ஓடிப்போய், மையத்து வீடு என்று அதட்டி நிறுத்தினார்கள். ஹஜரத் அக்காவிடம், அங்கே யாரிடம் என்ன கேட்கப்படும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்று ஆறுதலாகப் பேசிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகும்போது சிநேகிதன், "நான் சாகுறவரைக்கும் சொல்லிருக்க மாட்டேண்ணே" என்றான். "தெரியும்லே" என்றேன்.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்த கையோடு அடக்கம். புதுச் சட்டை, அத்தர் வாசனையோடு ஊரே வந்தது. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் நேரத்தில்தான் அக்கா என்னிடம் முதல்முறையாகப் பேசினாள். கத்தவில்லை. "அவ ஒருத்தி, ஒண்ணே ஒண்ணுதான்டா கேட்டா. இனி அவகிட்டக் கேள்வி கேப்பாக. நீதான இழுத்து விட்ட? நீயே போயிச் சொல்லிக்குடு." எங்கள் பக்கம் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்கு வருவதில்லை.

மண் தள்ளி முடிந்ததும் ஹஜரத் தலைமாட்டில் நின்று தல்கீன் ஓதினார். கபுரில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இறந்தவருக்குப் பதில் சொல்லிக்கொடுப்பதுதான் தல்கீன். அத்தனையும் அரபி. எல்லாரும் ஆமீன் சொன்னார்கள், எனக்குக் கை கொடுத்தார்கள், பெருநாள் சாப்பாட்டுக்குக் கலைந்து போனார்கள்.

நான் ஈர மண்ணில் மண்டி போட்டேன். "எம்மா, பயப்படாத. ஒன் ரப்பு யாருன்னு கேப்பாக. அல்லான்னு சொல்லு. மார்க்கம் என்னன்னு கேட்டா இஸ்லாம்னு சொல்லு. நபி யாருன்னா முஹம்மது நபின்னு சொல்லு. அம்புட்டுத்தாம்மா. தமிள்லயே சொல்லு" என்றேன். ஒரு தடவை சொன்னால் அவளுக்கு ஏறாது. வெயில் முதுகில் உறைக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.